யானைக்குத் தொப்பையைக் குறைத்தார்கள்

சூப்பர் மார்க்கெட்டில் காலை உணவுச் சீரியல் டப்பாக்கள் அடுக்கியிருக்கும் வரிசைக்குப் போனால் இன்னமும் என் கால் தானாக நின்றுவிடுகிறது. வாங்குவதற்காக அல்ல. எங்கள் வீட்டில் அந்தப் பண்டத்தை ஒருநாளும் வாங்கியதில்லை. காலையில் எங்களுக்குக் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும்தான். பாலில் ஊறிச் சொதசொதவென்று போகிற ஒன்றைச் சாப்பாடு என்று என் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் நிற்பது டப்பாவின் முகப்பைப் பார்க்க. இப்போது அதில் ஒரு கோதுமைக் கதிரும் அதன் பின்னால் ஒரு சூரியனும் இருக்கின்றன. முன்பு அந்த இடத்தில், கையில் கரண்டியோடு ஒரு குண்டு யானைக்குட்டி சிரித்துக்கொண்டிருந்தது. திருப்பதிக் கடையில் சனி ஞாயிறுகளில் உடுப்பு மாட்டிக்கொண்டு அந்த யானைக்குட்டியாக நின்றது நான்தான்.

நாங்கள் இருப்பது சித்தூரில். வீட்டுக்காரருக்கு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை. சீசனில் ராப்பகலாக ஓடும், மற்ற மாதங்களில் ஆளைத் தேடமாட்டார்கள். அதனால் நானும் ஏதாவது பார்க்க வேண்டியிருந்தது. ஒரு ஏஜென்சிக்காரர் மூலமாக இந்த வேலை கிடைத்தது. வாரக் கடைசியில் திருப்பதிக்கு பஸ் ஏறி, அந்தப் பெரிய கடையில் மேசை போட்டு, காகிதக் கப்பில் கொஞ்சம் சீரியலும் பாலும் ஊற்றி வருகிறவர்களுக்கு ருசி காட்ட வேண்டும். மலையிலிருந்து இறங்கியவர்கள் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஏசிக் காற்றுக்கு ஒதுங்குகிற கடை அது. கப்பை நீட்டினால், பிரசாதமோ என்று இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. கேட்கிறவர்கள்தான் தாழ்த்துவார்கள். டாக்டர்களைப் பார்த்தாயிற்று, வேண்டுதல்களும் ஆயிற்று. இல்லை என்றால் இல்லை, அதோடு வாழப் பழகிவிடலாம். பழக முடியாதது வேறொன்று. யாரும் தங்கள் குழந்தையை என் கையில் கொடுக்கமாட்டார்கள். முகத்துக்கு நேரே மறுக்கவும் மாட்டார்கள். நான் கையை நீட்டினால் குழந்தை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாறிவிடும். "இப்பதான் பால் குடிச்சிச்சி, கக்கிடும்" என்பார்கள். "தூக்கத்துக்கு அழுவுது" என்பார்கள். அந்தக் குழந்தை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

என் கொழுந்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது நகரிப் பக்கத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கொலுசு வாங்கிக்கொண்டு போனேன். ஓரகத்தி என்னைவிட ரொம்பச் சின்னவள், அக்கா அக்கா என்று பிரியமாக இருப்பவள். தொட்டிலை விலக்கிக் காட்டினாள். நான் குனிந்ததும் மாமியார் நடுவில் வந்து நின்றார். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. ஒன்ன சொல்லல, பொதுவா சொல்றேன்" என்றார். கொலுசை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து மிளகாய் சுற்றிப்போட்ட நெடி வந்தது. தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அப்படியொரு கோபம். இருமிக்கொண்டே பஸ் ஏறினேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது "விடு" என்றார். அவர் பொதுவாகவே பேச்சுக் குறைந்தவர். அவர் அம்மா விஷயம் என்றால் அந்த ஒரு வார்த்தைதான்.

யானை உடுப்பு எனக்கு வந்தது எதிர்பாராமல்தான். அதைப் போட்டுக்கொண்டிருந்த பையன், உள்ளே வெக்கை தாங்கவில்லை என்று ஒரு சனிக்கிழமை வராமல் நின்றுவிட்டான். சூப்பர்வைசர் கடையில் இருந்தவர்களை எல்லாம் தலையிலிருந்து கால்வரை அளந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். எங்கள் குடும்பத்துப் பெண்களிலேயே நான்தான் உயரம். "அக்கா, ஒக்க ரோஜு, ஒரே ஒரு நாள்" என்று கெஞ்சினான். தலையை மாட்டுவதற்கு முன்னால் மூன்று விதிகள் சொன்னான். பேசக் கூடாது. ஜனங்களுக்கு முன்னால் தலையைக் கழற்றக் கூடாது. குழந்தைகளைத் தூக்கக் கூடாது. கடைசி விதி எனக்கு எதற்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கழுத்து வலித்தது, மூச்சு முட்டியது. யானையின் வாயில் வைத்திருந்த வலைத்துணி வழியாகத்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மொட்டை அடித்த ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். இடுப்பிலிருந்த குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, "தண்டம் பெட்டுகோ" என்று கும்பிடச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் குழந்தையைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டாள். யானையின் தொப்பை பஞ்சால் ஆனது, பெரியது. குழந்தை அதன் மேல் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்துகொண்டது. அவள் புருஷன் போட்டோ எடுத்தான். அவ்வளவுதான், வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் உள்ளே அழுதுகொண்டிருந்தேன். யானையின் முகம் சிரித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் என்றது வாரக்கணக்காகி, வருஷத்தைத் தாண்டியது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தும்பிக்கையும் தொப்பையும் ஒன்றாக இருந்தால் அது பிள்ளையார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி சிவப்பு டை இருந்தாலும் சரி, கையில் கொழுக்கட்டைக்குப் பதிலாகக் கரண்டி இருந்தாலும் சரி. ஒரு தாத்தா கடையை விட்டு வெளியே போய் அருகம்புல் வாங்கிவந்து என் காலடியில் வைத்தார். ஸ்கூட்டர் சாவியை என் தும்பிக்கையில் தொட்டு எடுத்துப் போனவர்கள் உண்டு. பரீட்சைப் பேனாவை நீட்டிய பிள்ளைகள் உண்டு. சூப்பர்வைசர் முதலில் தடுத்துப் பார்த்தான். பிறகு அவனே தன் வண்டிக்குப் பூஜை போட்ட அன்றைக்கு என் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றான்.

எனக்குக் கிடைத்தது குழந்தைகள். பத்து மாதத்துக் குழந்தைகள், காது குத்திய அழுகை அடங்காதவை, தூங்கிக்கொண்டே கை மாறியவை. வீட்டில் என் நிழல் படக்கூடாது என்று நினைப்பவர்களைப் போன்ற ஜனங்களே, "சாமி, தொட்டு ஆசீர்வாதம் பண்ணு" என்று கெஞ்சினார்கள். கெஞ்சுகிறவர்களைப் பார்த்தால் முதலில் ஆத்திரமாக இருந்தது. தலையைக் கழற்றி, பாருங்கள் யார் கையில் கொடுத்தீர்கள் என்று கத்தலாம் போல இருக்கும். ஆனால் கையில் குழந்தை இருக்கும்போது ஆத்திரம் நிற்பதில்லை. சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது கை வலிக்கும். அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரருக்கு மட்டும் எல்லாம் சொல்லியிருந்தேன். மாமியார் வீட்டுக்கு நான் இன்னமும் கப்பில் பால் ஊற்றிக் கொடுக்கிறவள்தான்.

பிறகுதான் யானையை மாற்ற ஆரம்பித்தார்கள். குழந்தைகள் குண்டாகிறார்கள், சர்க்கரை கொட்டிய பண்டத்தைப் பொம்மை காட்டி விற்கிறார்கள் என்று ஊரெங்கும் பேச்சு வந்ததாம். பேச்சு நியாயமானதுதான். ஒரு கப் குடித்த பிள்ளை அடுத்த கப்புக்குத் தரையில் புரளுவதை மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தவள் நான். ஆனால் கம்பெனி செய்த காரியத்தைப் பாருங்கள். பண்டத்தில் சர்க்கரையைக் குறைப்பதற்கு முன்னால் யானையின் தொப்பையைக் குறைத்தார்கள். சென்னையிலிருந்து புது உடுப்பு வந்தது. ஒட்டிய வயிறு, நெற்றியில் பட்டி, காலில் ஓட்டப்பந்தய ஷூ. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஸ்கிப்பிங் கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக நான் கண்ணாடி முன்னால் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையாரைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள். காணிப்பாக்கத்துச் சாமி வளர்ந்துகொண்டே இருக்கிறவர், முன்பு யாரோ செய்து கொடுத்த வெள்ளிக் கவசம் இப்போது அவருக்கு மாட்ட முடியாது என்பார்கள். சாமிக்குப் பொருந்தாவிட்டால் கவசத்தைத்தான் ஓரம் வைப்போம், சாமியைச் செதுக்கமாட்டோம். கம்பெனிக்கு இது தெரிய நியாயமில்லை. கடைக்கு வந்த ஒரு கிழவி என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏமி சாமி, இட்லா சிக்கிபொயினாவு?" என்று வருத்தப்பட்டாள். இப்படி இளைத்துப் போய்விட்டாயே என்கிறாள். பக்கத்திலிருந்த தமிழ்க்காரர், "அவருக்கும் சுகர் வந்துட்ச்சி போல" என்றார். கும்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். பாதிப் பேருக்கு அது பிள்ளையாரா என்று சந்தேகம் வந்துவிட்டது. குழந்தைகள் உட்காரத் தொப்பை இல்லை, மார்போடு அணைத்துத்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்க எனக்கும் பயமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

டப்பாவிலும் யானை சிறுத்துக்கொண்டே போனது. முகப்பு முழுக்க இருந்தது பாதியானது. பாதியிலிருந்து மூலைக்குப் போனது. கடைசியில் ஒரு நாள் சென்னையிலிருந்து மேலாளர் வந்தார். சின்ன வயது, மரியாதையாகப் பேசினார். இந்த மாதத்தோடு யானை ரிட்டயர், புது டப்பாவில் கதிர் மட்டும்தான் என்றார். இதெல்லாம் உலகம் முழுக்க நடக்கிறதுதானாம். சில பிராணிகளுக்குத் தொப்பியை மாற்றுவார்களாம், சிலவற்றுக்கு வயதைக் குறைப்பார்களாம், சில ஒரு நாள் காலையில் டப்பாவிலேயே இருக்காதாம். பிள்ளைகள் ரெண்டு நாள் தேடிவிட்டு மறந்துவிடுவார்களாம்.

"உடுப்ப என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"கிழிச்சு எரிச்சிடணும்மா. வேற யாரும் தப்பா யூஸ் பண்ணக்கூடாதுன்னு ரூல்."

"ஜனங்க கும்பிட்ட உடுப்பு சார் இது."

"அது பிள்ளையார் இல்லம்மா, கம்பெனி பொம்மை" என்றார் அவர்.

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மண்பிள்ளையாரை மூன்று நாள் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மேளம் அடித்து, அடுத்த வருஷம் வா என்று சொல்லித்தான் தண்ணீரில் விடுகிறோம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று வேறு சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்த யானைக்குச் சொல்லிக்கொள்ளாமல் போகிற விதி. எனக்கும் அதே விதி என்பதுதான் உள்ளே அறுத்தது. கப் நீட்டும் வேலை தொடரும், சம்பளத்தில் குறையில்லை. ஆனால் கப் நீட்டுகிறவள் கையில் குழந்தையை யார் கொடுப்பார்கள்?

யானைக்குக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எதுவோ, அதே நாளில்தான் ஓரகத்தியின் குழந்தைக்கு மலையில் முதல் மொட்டை வைத்திருந்தார்கள். மாமியார் போனில் எனக்குச் சொன்ன விதம் இது: "ஒனக்கு டூட்டி இருக்குமே. வேலைய கெடுத்துக்கினு நீ எதுக்கு வரணும்? பெரியவன் வந்தா போதும்." சரி அத்தை என்றேன். அன்றைக்குக் காலையில் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார்.

மத்தியானத்துக்கு மேல் வலைத்துணி வழியாக அவரைப் பார்த்தேன். கடைக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கொழுந்தனார், மாமியார், ஓரகத்தி, அவள் தோளில் சந்தனம் பூசிய குட்டித் தலை. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, ஏசியில் கொஞ்சம் உட்காரலாம் என்று அவர்தான் கூட்டிவந்திருக்கிறார். என்னை நேராகப் பார்த்தார்.

"அதோ பார் புள்ளையாரு" என்று மாமியார்தான் முதலில் கையெடுத்தார். "இளச்சிப் போயிக்கிறாரு, பரவால்ல. மொட்ட அடிச்ச கையோட அவரு கைல குடுத்து ஒரு போட்டோ புடிங்க."

ஓரகத்தி குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மார்போடு அணைத்தேன். குழந்தை தும்பிக்கையைப் பிடித்து இழுத்தது, சந்தனம் யானையின் கன்னமெல்லாம் அப்பியது. வீட்டுக்காரர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"அக்காவ காணோமே" என்றாள் ஓரகத்தி, மேசைப் பக்கம் தேடிக்கொண்டே.

"வேலையில இருக்கா" என்றார் இவர்.

"இருக்கட்டும் இருக்கட்டும்" என்றார் மாமியார். "பச்ச மண்ணு, இப்பதான் சாமிக்கு முடி குடுத்துக்கினு வருது. இன்னிக்கி ஒரு நாள் அவ கண்ணுல படாம இருந்தா அதுவே போதும்."

ஓரகத்தி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் தரையைப் பார்த்தாள். என் மார்பில் அவள் குழந்தை கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வாங்கிக்கொள்வார்கள். யானையும் இன்றோடு போய்விடும். இதோடு முடிந்தது என்று நினைத்தபோது எனக்கு வந்த கோபத்துக்கும் துக்கத்துக்கும் பேர் வைக்கத் தெரியவில்லை. கம்பெனி விதியாவது ஒன்றாவது என்று ஒரு கையால் யானைத் தலையைத் தள்ளப் பார்த்தேன். கழுத்துப் பட்டி பின்னால் இருந்தது, எட்டவில்லை.

வீட்டுக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டார். என் பின்னால் வந்தார். பட்டியைக் கழற்றி, யானைத் தலையை இரண்டு கையாலும் தூக்கி எடுத்தார். அவர் அம்மாவுக்கு முன்னால் நின்றுதான் எடுத்தார்.

பக்கத்தில் எங்கேயோ ஒரு பிள்ளை பயந்து வீறிட்டது. மாமியாரின் வாய் திறந்தபடி நின்றது. என் முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. குழந்தை என்னைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, பிறகு என் மூக்குத்தியைக் கண்டு அதைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"புள்ளைய வாங்குமே மொதல்ல!" என்றார் மாமியார் ஓரகத்தியிடம்.

"இவ்ளோ நேரம் எங்கிட்டதான் இருந்திச்சி அத்தை" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "நீங்கதான் குடுக்கச் சொன்னீங்க. நல்லா பாருங்க. இன்னா ஆச்சி புள்ளைக்கு?"

கடை முழுக்கப் பார்த்தது. சூப்பர்வைசர் ஓடிவந்தவன் பாதியில் நின்றான். ஓரகத்தி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "குடுக்கா" என்றாள். அவள் பெற்றவள். கொடுத்துவிட்டேன். உடம்பிலிருந்து எதையோ பிய்த்து எடுத்த மாதிரி இருந்தது.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகவில்லை. மற்ற கையால் என் யானைக்கையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். தடித்த உறை, லேசில் வராது. "இத்த மாட்டிக்கினு தூக்குனா வழுக்காதாக்கா? எனக்கு அப்பவே பயமா இருந்திச்சி" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்றைக் கழற்றினாள். மற்றதையும் கழற்றினாள். மாமியார் பின்னாலிருந்து கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

"இப்ப புடி" என்று குழந்தையை என் கையில் வைத்தாள்.

வெறும் கையில் ஒரு குழந்தை இவ்வளவு சூடாக இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.